பதிவில் போனது

கிடார்க்காரர் வாசித்ததை யாராவது பதிவு செய்துவிட்டால், அதன் பிறகு அதே வாசிப்பு அவர் கையில் சத்தம் தராது. விரல் சரியான இடத்தில் அழுத்தும், கம்பி அதிரும், ஆம்ப்பின் சிவப்பு விளக்கும் எரியும், ஆனால் ஒன்றும் கேட்காது. அவருடைய இருபத்தாறாவது வயதில், முதல் ஆல்பம் முடிந்த வாரத்தில் இது தொடங்கியது. டயர் கடையின் மேல்மாடியில், பழைய மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்த ஸ்டூடியோவில், நாலு நாளில் ஒன்பது பாட்டு எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒத்திகையில் முதல் பாட்டைத் தொடங்கியபோது கிடாரைத் தவிர எல்லாம் கேட்டது. டிரம்ஸ் வாசிக்கும் தம்பி, அண்ணன் ஜாக் சொருக மறந்துவிட்டார் என்று விழுந்து விழுந்து சிரித்தான். கேபிளை மாற்றினார்கள், பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள், ஆம்ப்பைப் பிரித்து வால்வுகளை மாற்றினார்கள். பாடகர் அதே கிடாரைப் பிடுங்கி ஒரு தட்டுத் தட்டினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காது டாக்டர் இரண்டு காதிலும் குறையில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சத்தம் ஸ்டூடியோவில் இருந்தது, அவரிடம் இல்லை, விஷயம் அவ்வளவுதான். ஊர் இரண்டு வாரம் இதைப் பேசியது. பிறகு கடைவீதியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது, எல்லோரும் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

ஏதாவது ஒரு நோட்டை மாற்றினால் சத்தம் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்தவன் தம்பிதான். அதனால் அடுத்த பல வருடங்கள் கிடார்க்காரர் தன் பாட்டு ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே ஒரு தப்போடு வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரு தப்பு, ஒவ்வொரு கச்சேரிக்கும் வேறு தப்பு, ஏனென்றால் கூட்டத்தில் எவனாவது ஒருவன் பைக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்து வைத்திருப்பான், நேற்றைய தப்பும் அதோடு போயிருக்கும். பாவம், மனிதர் குடித்துவிட்டு வாசிக்கிறார் என்று பாதி ஊர் நம்பியது. மீதிப் பாதி அவரை மேதை என்று சொல்லிக்கொண்டது. அவர் இரண்டும் இல்லை. பகலில் ரேடியோ கடையில் ஸ்பீக்கர் பழுது பார்க்கிறவர், சனி ஞாயிறில் தம்பியின் வேனில் ஆம்ப்பை ஏற்றி, மாடிப்படி மாடிப்படியாகச் சுமந்து, தன் சொந்தப் பாட்டைத் தப்பாக வாசித்துவிட்டு, மறுபடி படி இறங்குகிறவர். முதுகுவலி வந்தது அந்தப் படிகளால்தான், அதில் மாயம் மந்திரம் ஒன்றும் கிடையாது.

சத்தம் போகத் தொடங்கிய நாலாவது வருடம் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள், இரண்டு மாதம் முந்தியே. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்தால் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கிடார்க்காரர் வீட்டுக்குப் போய் எலெக்ட்ரிக் கிடாரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆம்ப் இல்லாமல், அந்த வார்டில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காத அளவு மெலிசாக ஒன்றை வாசித்தார். நர்ஸ் அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். ஐம்பத்து மூன்று நாள் வாசித்தார், ஐம்பத்து நாலாம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு நிமிடம் பத்து வினாடி வரும் வாசிப்பு. அதற்கு அவர் பெயர் வைக்கவில்லை, அதிலிருந்து மூன்று நோட்டைக்கூட மேடையில் எடுத்துப் போடவில்லை. வீட்டில் அவர் அதை வாசிக்க உட்கார்ந்தால், மனைவி, வீட்டில் போன் வந்த காலம் முதல், இரண்டு போனையும் ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்து மூடிவிட்டு வந்துதான் உட்காருவார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர், எதையும் பத்திரமாக மூடி வைத்துத்தான் பழக்கம்.

பிறகு எல்லார் கையிலும் கேமராவோடு போன் வந்தது, அதோடு கிடார்க்காரரின் பிழைப்பு நாறியது. முன்பு ஒருவன் ஒளித்துப் பதிவு செய்தான், இப்போது முந்நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு செய்தார்கள். பாடகர் மைக்கில் கும்பிட்டுக் கேட்டார், "தயவு செஞ்சு போனை உள்ள வைங்க, அவருக்கு வாசிப்பே போயிடும்." அவர் கும்பிடுவதையும் முந்நூறு பேர் படம் பிடித்தார்கள். முழுப் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது துண்டு துண்டாகப் போகத் தொடங்கியது. பத்து வினாடித் துண்டுகளை அவரவர் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்தப் பத்து வினாடி எந்தப் பாட்டில் வந்தாலும் இனிக் கேட்காது. சோலோவின் நடுவில் சத்தம் நின்று நின்று வந்தது. ஒருவன் கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக்கைப் பதிவு செய்தான், அதன் பிறகு கம்பியை மீட்டி சுருதி சேர்ப்பதுகூட அவருக்குக் கேட்கவில்லை, தம்பிதான் சேர்த்துக் கொடுத்தான். ஆசைப்பட்டுத்தான் பதிவு செய்தார்கள், ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதனால் அவரால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

இந்த நிலையில் பாடகர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். படியேறும்போதே அந்தப் பெயரில்லாத வாசிப்பைக் கேட்டுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று முழுக்கக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், அடுத்த நிமிடமே தொழில்காரர் ஆகிவிட்டார்.

"அண்ணே, இத இத்தன வருஷமா வீட்ல பூட்டி வச்சிருக்கீங்களா? இந்த ஒண்ணு போதும், நாம எல்லாரும் எங்கயோ போயிடலாம்."

"இது வேண்டாம்பா. வேற எத வேணும்னாலும் எடுத்துக்கோ."

"வேற என்ன இருக்கு உங்ககிட்ட?"

கிடார்க்காரர் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பாடகர் மூன்று மாதம் வந்து கேட்டார், கெஞ்சினார், கடைசியில் தம்பியிடம் போய், உங்க அண்ணன் நம்ம வாயில மண்ணப் போடறாரு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பாடப் போனார். அவர் பின்னாலேயே பேஸ் வாசித்தவரும் போனார். தம்பி மட்டும் நின்றான். அவனுக்கும் ஆசை இருந்தது, பதினெட்டு வயதிலிருந்து அடிக்கிற டிரம்ஸ், ஒரு பெரிய மேடையாவது பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் குமுறினான். ஆனாலும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவன் செய்த பெரிய காரியம், அதை யாரும் எங்கும் எழுதவில்லை என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

மகள் ஸ்டூடியோவிலேயே வளர்ந்தவள். நடக்கத் தொடங்கும் முன்பே கேபிள் சுற்றக் கற்றுக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கிடைத்துப் போனாள். கிளம்பும்போது, ஒரே ஒரு தடவை பதிவு செய்துகொள்ளட்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்று அம்மாவும் அப்பாவும் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். போன பிறகு ஞாயிறு தோறும் காலை பதினோரு மணிக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு முடிந்ததும் அம்மா போனைத் தலையணை மேல் நிறுத்தி வைப்பார், கிடார்க்காரர் வாசிப்பார். வேண்டுமென்றே வாசித்த தப்புகளும் ஒவ்வொன்றாகப் பதிவில் போய்விட்டதால், அந்த நேரத்தில் அவரிடம் மிச்சமிருந்த சத்தம் அது ஒன்றுதான். மேடையில் அவர் கையசைப்பதை மட்டும் பார்க்க ஒரு சின்னக் கூட்டம் வந்துகொண்டிருந்தது, போஸ்டரில் "கிடார் (சத்தமின்றி)" என்றே அச்சடித்தார்கள். வாரம் முழுக்கக் காது கேளாதவர் போல நடமாடிவிட்டு, ஞாயிறு பதினோரு மணிக்கு அவர் தன் கையைத் தானே கேட்டார். அதற்காகத்தான் மனிதர் எழுந்து பல் தேய்த்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாவது வருடம் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு. அவர் வாசித்தார், கேட்கவில்லை. நிறுத்தினார், கம்பியைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி தொடங்கினார். மனைவி சமையல்கட்டிலிருந்து வந்து வாசலில் நின்றார். இருவருக்கும் புரிந்துவிட்டது. போனில் மகள், "அப்பா, லைன் கட்டாயிடுச்சா? ஒண்ணும் கேக்கலயே" என்றாள்.

"லைன் நல்லாத்தான்மா இருக்கு. வாசிச்சிட்டுத்தான் இருக்கேன்."

 அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கினாள். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கிரேனின் பனி பிடித்த கண்ணாடிக் கூண்டில், தினமும் ஆறு மணி நேரம் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறாள். பேச நாதியில்லை. அங்கே கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று, போன ஞாயிறு அவள் போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டாள். தெரியாமல் செய்யவில்லை. கிடாரின் முன்னால் மைக் வைத்து எடுத்தால்தான் அது ரெக்கார்டிங், லைனில் வந்ததை எடுத்தால் அது வெறும் காப்பி என்று சின்ன வயதில் ஸ்டூடியோவில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். காப்பிதானே, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டாள். ஸ்டூடியோவில் வளராத ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கே தோன்றியிருக்காது.

"அப்பா, நான் பாவிப்பா. நான் இத அழிச்சிடறேன். அழிச்சா திரும்பி வந்துடுமாப்பா?"

"அழிச்சா ரெண்டு பேர்கிட்டயும் இருக்காது. அழிக்காத கண்ணு." அவர் கொஞ்சம் யோசித்தார். "எங்க, போடு பாப்போம்."

அவள் போட்டாள். கரகரப்பான சத்தத்தில், தலையணை மேல் இருந்த போனிலிருந்து அது வந்தது. கிடார்க்காரர் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். முடிந்ததும், வேறு யாரையோ சொல்வதுபோல, "நல்லா வாசிச்சிருக்கான்" என்றார். மனைவி அதைத் தாங்க முடியாமல் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார். "போடீன்னு சொல்லிட்டுப் போனை வைங்களேன்" என்று அங்கிருந்தே கத்தினார், யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. கிடார்க்காரர் வைக்கவில்லை. திரும்பப் போட வேண்டாம் என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

அதன் பிறகு மூன்று ஞாயிறு போன் வரவில்லை. தம்பி வந்து பார்த்துவிட்டு, அண்ணன் ரேடியோ கடைக்கும் போவதில்லை, சாப்பாட்டையும் தட்டில் அப்படியே விடுகிறார் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினான். நாலாவது ஞாயிறு சரியாகப் பதினோரு மணிக்கு மணி அடித்தது. நலம் விசாரித்தாள். அங்கே பனி கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள். பிறகு, "சரி, வாசிங்கப்பா" என்றாள்.

"சரியா வாசிச்சா ஒண்ணும் கேக்காதும்மா. இதத் தப்பா வாசிக்க எனக்கு மனசு வரல."

"பரவால்ல, வாசிங்க. நான் இருக்கேன்."

அவர் கிடாரை எடுத்து வாசித்தார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இது நடந்து இப்போது ஏழு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அம்மா போனைத் தலையணை மேல் வைக்கிறார், அவர் வாசிக்கிறார், மகள் பேசாமல் லைனில் இருக்கிறாள். ஒரு தடவை நடுவில் அவர் விரல் தடுமாறி, அந்தத் தப்பு நோட்டு மட்டும் கேட்டபோது, "அந்த இடத்த மறுபடி வாசிங்கப்பா, விட்டுட்டீங்க" என்றாள், அவரும் திரும்ப வாசித்தார். நாலு நிமிடம் பத்து வினாடி ஆனதும் அடுத்த வாரம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாள்.