ஒத்திகையில் வராத பதில்

இதோ, இப்போது இடது கையை மேசை விளிம்பில் விரித்து வைப்பார், என்று நோரீன் நினைத்து முடிப்பதற்குள் பின்னறைத் தொலைக்காட்சியில் செனட்டர் பைக் அம்மையார் அப்படியே வைத்தார், அடுத்து தலையைச் சாய்ப்பார், சாய்த்தார்... சுவருக்கு அந்தப் பக்கம் மேடையில் நிற்கிற அந்த மனுஷியை இவளைவிட யாருக்குத் தெரியும், மூன்று வாரமாக இவள்தானே பைக், தன் சொந்த ஊரான நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில் ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஆளுநர் ஹாஸ்கலுக்கு எதிரே பைக் வேஷத்தில் நின்று, அவர் கேட்கக் கேட்க பதில் சொல்லி, விவாதத்துக்கு ஆளைத் தயார் பண்ணுவது என்றால் அதுதான். பிரச்சாரத்தை நடத்தும் டெரிக்குக்கு அதில் ஒரே குஷி, "என்ன செனட்டரம்மா, டோனட் சாப்பிடுறீங்களா, இல்ல அதுக்கும் ஓட்டெடுப்பு வைக்கணுமா?" என்பான். இன்று சிரிப்பு வரவில்லை. செவ்வாய்க்கிழமை நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுப் போடுகிறது, இங்கே அதே கட்சிக்காரரான பைக்கிடம் தோற்றால் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆகிற கனவை ஹாஸ்கல் மூட்டை கட்ட வேண்டியதுதான், அவரையே நம்பி வந்த இவளும்...

"அந்தப் போருக்கு ஆதரவா ஏன் கை தூக்கினீங்க, செனட்டர்?" ஹாஸ்கல் கேட்டேவிட்டார். இதற்காகத்தான் இத்தனை ஒத்திகையும். அம்மையார் வழுக்குவார், அன்றைக்குக் கிடைத்த தகவல் அப்படி என்பார், உடனே ஹாஸ்கல் பாய வேண்டும். ஆனால் பைக் ஹாஸ்கலை விட்டுவிட்டு அரங்கத்தைப் பார்த்தார். பேசும் நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறது, என்ன ஆயிற்று இவருக்கு, மறந்துவிட்டாரா, பேசுங்களேன் அம்மா... நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் வந்தது. "தப்பு பண்ணிட்டேன். தெரியாம இல்ல. எதிர்த்தா அடுத்த எலெக்‌ஷன்ல தோத்துடுவேன்னு பயந்தேன். அந்தப் பசங்க போய்ட்டாங்க, நான் இங்க நிக்கிறேன்." நோரீனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண்ணில் நீர் வந்துவிட்டது, எதிராளிக்காக அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை, நாடே பார்த்துக்கொண்டிருக்க இப்படிச் சொல்ல ஒரு ஆளால் முடியுமா, முடிகிறதே, அம்மாடி... அப்போது ஹாஸ்கல் பாய்ந்தார். "தகவல் மேல பழி போடாதீங்க, செனட்டர்! இந்தச் சாக்கெல்லாம் இங்க செல்லாது!" எந்தச் சாக்கு? அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஐயோ, அவர் பைக்குக்குப் பதில் சொல்லவில்லை, ஒத்திகையில் நின்ற எனக்குச் சொல்கிறார்.

விளம்பர இடைவேளையில் ஹாஸ்கல் வியர்க்க விறுவிறுக்கப் பின்னறைக்கு வந்தார். "அவ இப்படிச் சொல்லுவான்னு நீ ஒரு தடவைகூடச் சொல்லலையே, நோரீன்?" எனக்குத் தோணவே இல்ல கவர்னர், என்றாள். ஏன் தோன்றவில்லை? கை வைக்கும் விதத்தைப் பைக்கிடமிருந்து எடுத்தாள், தலைச் சாய்வை எடுத்தாள், பதில்களை எங்கிருந்து எடுத்தாள்? எந்தப் பேட்டியிலிருந்தும் இல்லை, எதைக் கேட்டாலும் அவ்வளவு சரளமாக நழுவுகிற பதில்கள், வருஷக்கணக்காகப் பக்கத்திலேயே நின்று கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போனவை... அவை எதிரே நிற்கிற இந்த மனிதருடையவை அல்லவா? "சரி விடு, அடுத்தது வரி. அவ என்ன சொல்லுவா? சீக்கிரம் சொல்லு, கூப்பிடுறாங்க." நோரீன் குனிந்தாள். அவளுடைய இடது கை மேசை விளிம்பில் விரிந்து கிடந்தது, அதை எடுக்க மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கும் இந்த ஊரில் ஒரு ஓட்டு இருக்கிறது.