சிங்கத்தின் வாசலில் அணியிலக்கணம்

கிணற்றுச் சண்டையை முடித்துக்கொள்ள எதிர்க்குலத்தார் எங்கள் ஊர் எல்லையில் துப்பாக்கிகளோடு வந்து நின்றார்கள். கிணறு அவர்கள் கையில். எங்கள் ஆடுகள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. ஏமன் நாட்டு மலையில் முறை இதுதான்: வந்தவர்கள் இரண்டு அடி பாட வேண்டும், நாங்கள் அதே மெட்டில் இரண்டு அடி திருப்பிப் பாட வேண்டும். பிறகுதான் துப்பாக்கி கீழே இறங்கும். பதில் பாட ஒருவரை நிறுத்தியபின் வேறு யாராவது வாய் திறந்தால் குலத்துக்கே இழுக்கு.

எங்கள் குலத் தலைவர் ஷேக் முக்பில், தலைநகர் சனாவில் அணியிலக்கணத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய தன் மருமகன் நஷ்வானை நிறுத்தினார்.

எதிர்க்குலத் தலைவர் தைஃபுல்லா பாடினார்: "சிங்கத்தின் வாசலுக்கு ஒட்டகங்களாய் வந்தோம். சிங்கமே, நகத்தை மடக்குவாயா?"

சண்டையா சமாதானமா என்று கேட்கிறார். எங்கள் கழுதைகளுக்குக்கூடப் புரிந்தது.

நஷ்வான் தொண்டையைச் செருமினார். "சிங்கம் தேய்ஞ்சு போன உருவகம். ஒட்டகம் போய் சிங்கத்து வாசல்ல நிக்குமா? பொருத்தமே இல்ல."

"நாங்க பரீட்சை எழுத வரலப்பா," என்றார் தைஃபுல்லா. "உள்ள வரலாமா, வேணாமா?"

"முதல்ல உருவகத்தைத் திருத்துங்க."

"உன் மார்க்கை நீயே வச்சுக்க!"

துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின. வந்தவர்கள் கிணற்றோடு திரும்பிப் போனார்கள்.

வெயிலில் நஷ்வானுக்கு நாக்கு வறண்டது. "மாமா, ஒரு வாய் தண்ணி."

ஷேக் காலிக் குடத்தை அவர் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"மழை மாதிரின்னு ஏதாவது சொல்லு மாப்ள. நாங்களும் ஆடுகளும் குடிக்கிறோம்."