அவள் சொன்னதாகச் சொன்னது

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். மேசையைத் துடைத்து, மாதிரித் தேர்வுப் புத்தகத்தில் அன்றைய பகுதியைப் பிரித்து வைத்தான். இருபது கேள்விகள். முப்பத்தைந்து நிமிடம்.

மாமியார் கடிகாரத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தார். மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு என்பதற்கு மேல் அவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரம் பார்க்கத் தெரியும். மகள் இறந்த அன்று வந்தவர், பரீட்சை முடியட்டும் என்று இங்கேயே தங்கிவிட்டார்.

"ம், ஆரம்பிங்க மாப்பிள்ளை."

கடற்பாசியைப் பற்றி ஒரு பத்தி. படித்தான். மறுபடி படித்தான். கண் வரிமேல் ஓடியது. மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

"போதும், பேனாவ வைங்க."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு அத்தை."

"ரெண்டு நிமிஷத்துல என்னத்தைக் கிழிக்கப் போறீங்க? அரை மணி நேரமா ஜன்னலைத்தான் படிச்சிட்டிருக்கீங்க."

சரிபார்த்தான். இருபதுக்கு ஆறு. நான்கு மாதத்துக்கு முன்பு பதினாறு. தவறுகளுக்கென்று மனைவி கோடு போட்டுக் கொடுத்த நோட்டு ஒன்று உண்டு. ஒவ்வொரு தவறுக்கும் காரணம் எழுத வேண்டும்: தெரியவில்லை, அவசரம், கவனமில்லை. பதினான்கு முறை 'கவனமில்லை' என்று எழுதினான்.

மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இது மூன்றாவது. இன்னும் பதினொரு நாள். தேதியைத் தள்ளிப்போட இன்று மதியத்தோடு கெடு முடிகிறது. மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

"அத்தை, தேதியை மாத்திடலாம்னு பாக்கறேன்."

அவர் கடிகாரத்தை மேசைமேல் வைத்தார்.

"கடைசியா அவ கேட்டது அது ஒண்ணுதானே மாப்பிள்ளை. பெத்தவ என்னைப் பத்திக்கூட ஒரு வார்த்தை சொல்லல. 'அவரு பரீட்சைய விட்டுடக் கூடாது'ன்னுதான் சொல்லிட்டுப் போனா. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நானும் இங்க உக்காந்திருக்கேன்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான்.

அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். ஏதாவது கொடுத்தாக வேண்டியிருந்தது. வாய்க்கு வந்ததைக் கொடுத்தான். அதை அவர் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

பக்கத்தை மூடினான்.

"சரி அத்தை. மாத்தல."

"அப்ப அடுத்ததைப் பிரிங்க. சும்மா உக்காந்திருந்தா தானா ஏறிடுமா?"

பிரித்தான். அவர் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பக்கத்தில் எழுத்துகள் இருந்தன. அவ்வளவுதான் தெரிந்தது.

அவள் அவனிடம் கடைசியாகச் சொன்னது வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்களேன்."