இரண்டு தரம் பெருப்பித்த சத்தம்

கைபேசியில் கணவன் றெனால்டின் பெயர் விழுந்ததும் நிறஞ்சலா செய்த முதல் வேலை, காலையில் ஒழுங்காகப் பொருத்தி வைத்த வயரைக் கழற்றியதுதான். அவன் அனுப்பிய புது மைக் பெட்டியிலிருந்து வரும் வயர், குரலைக் கணினிக்குள் அனுப்பும் இன்ரபேஸுக்குப் பின்னால் 'லைன்' என்று எழுதிய துளைக்குள் போகவேண்டும். அதை அவள் விடியவே செய்து முடித்திருந்தாள். ஹெட்போனில் ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. இப்போது அதை உருவிப் போட்டுவிட்டு, மூன்று முள் வயர் ஒன்றை எடுத்து முன்பக்கத்து மைக் துளைக்குள் அழுத்தினாள். ஸ்ஸ் என்று இரைச்சல் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்தாள்.

“பொருத்தீட்டியோ?”

“எங்கையப்பா... ஒரே இரைச்சலாக் கிடக்கு.”

தெரியாத வேலையில்லை. றெனால்ட் கோயில் திருநாள்களுக்கு ஒலிபெருக்கி கட்டித் திரிந்த காலத்தில் பாதி வயரை இழுத்தவளே அவள்தான். அவன் பிரான்சுக்குப் போன பிறகு மிஞ்சிய சாமான்களோடு பக்க அறையில் உட்கார்ந்து மரண அறிவித்தல் வாசித்துப் பதியத் தொடங்கினாள். ஓட்டோக்காரப் பைசர் அதைத் தன் வண்டியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போவான். நிறஞ்சலா வாசித்தால்தான் செத்த ஆளுக்கு மரியாதை என்று பேசாலை ஊரில் ஒரு பேச்சு. மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் மீன் வாங்கப் போய் விளைமீன் என்ன விலை என்று வாயைத் திறந்தால் வியாபாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஆர் மோசம் போனது?” என்கிறான். கூடப் பிறந்த அக்கா அன்ரோனெற்கூட, “ஐயோ மாதாவே, ஆர்?” என்றுதான் போனை எடுக்கிறாள். சும்மாதான் எடுத்தேன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வேறு. ஊரெல்லாம் கேட்கிற குரலை வைத்துக்கொண்டு பேச்சுத் துணைக்கு ஒரு சீவன் இல்லாமல் இருப்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

பிரான்சில் இருக்க விசாக் கிடைத்துவிட்டது, இந்த ஆவணி மடு மாதா திருநாளுக்குக் கட்டாயம் வாறன் என்று றெனால்ட் நத்தார்ப் பண்டிகையன்று சொல்லியிருந்தான். போன கிழமை லீவில் வந்த அவன் கூட்டாளி கிறகரி, கம்பளிச் சட்டையில் சுற்றிய இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். வருகிறவன் என்றால் தன் கையோடு கொண்டு வருவானே, ஆளிடம் ஏன் கொடுத்துவிடுகிறான்? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அவனும் கொஞ்ச நாளாகச் சாப்பிட்டியோ, சுகமோ, சரி வைக்கிறன் என்று மூன்று வார்த்தையில் முடித்துக்கொள்கிறான். வயர் என்று வந்தால் மட்டும் பழைய றெனால்ட்.

“முன்னுக்குக் குத்தினனியோ, பின்னுக்கோ?”

“பின்னுக்குத்தான்.” கூசாமல் சொன்னாள். ஹெட்போனைப் போனோடு ஒட்டிப் பிடித்து இரைச்சலையும் கேட்க வைத்தாள்.

“பின்னுக்கெண்டா இப்பிடி இரையாதே! வடிவாக் கேள். புதுப் பெட்டி சத்தத்தைப் பெருப்பிச்சுத்தான் தருது. நீ முன்னுக்குக் குத்தினா இன்ரபேஸ் அதைத் திரும்பவும் பெருப்பிக்கும். பெருப்பிச்சதைப் பெருப்பிச்சா இரைச்சல்தான். விளங்குதோ?”

“விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ.”

அவன் திருப்பிச் சொன்னான். ஒருமுறை பிரசங்கத்துக்கு நடுவே குழாய் ஊளையிட்டு, சுவாமியார் பீடத்திலிருந்தே முறைத்த கதையையும் இழுத்தான். அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். எவ்வளவு காலம், இப்படி இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்து! பொய் சொன்ன வெட்கமெல்லாம் அந்தச் சிரிப்பில் போய்விட்டது.

கோயிலில் மத்தியானச் செபத்துக்கான திரிகால மணி அடித்தது. கையிலிருந்த ஹெட்போனுக்குள் அது மலை போல் பெருத்துக் கேட்டது.

“எங்கட கோயில் மணியோ?”

“ஓம்.”

மணி அடித்து முடியும்வரை அவள் ஹெட்போனைப் போனோடு ஒட்டியே பிடித்திருந்தாள். திருநாளுக்கு வருவாரோ என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“எனக்கு வேலைக்கு நேரமாகுது. கிறகரியைப் பின்னேரம் வந்து பாக்கச் சொல்லுறன்.”

கிறகரி வந்தால் குட்டு உடைந்துவிடும். அவள் அவசரமாக முன்பக்கத்து வயரை உருவி, பழையதைப் பின்னால் சொருகினாள். “நில்லுங்கோ... இப்ப நிண்டிட்டுது.”

“பாத்தியோ! எதையாவது வாசிச்சு அனுப்பு. ரெயினுக்குள்ளை கேக்கிறன்.” வைத்துவிட்டான்.

எதையாவது என்றால் எதை? மைக் முன்னால் உட்கார்ந்தால் அவள் வாய்க்கு ஒரே பாணிதான் வரும். பதிவை அழுத்திவிட்டு நிதானமாக வாசித்தாள்.

“பேசாலையைப் பிறப்பிடமாகவும் பிரான்சை வதிவிடமாகவும் கொண்ட றெனால்ட் அவர்கள், ஆவணி மடுத் திருநாளுக்கு ஊருக்கு வருவாரா, மாட்டாரா என்பதை, அன்னாரின் அன்பு மனைவி நிறஞ்சலா அறிய விரும்புகிறார்.”

செத்தவருக்குச் சொல்லும் அன்னார் என்ற சொல் வந்த பிறகுதான் திடுக்கிட்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் அழிக்கவில்லை. அழித்தால் இன்னொரு தரம் கேட்கத் தைரியம் வராது. அனுப்பினாள்.

செய்திக்குக் கீழே இரண்டு சரி அடையாளங்களும் நீலமாயின, அவன் கேட்டுவிட்டான். 'எழுதுகிறார்' என்று வந்தது, போனது, திரும்ப வந்தது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சத்தம் நல்ல கிளீன். இரைச்சலே இல்லை.”

இன்னொன்று வரும் என்று பார்த்திருந்தாள். திரை தானாக அணைந்தது. அறை அவன் சொன்னபடிதான் இருந்தது, ஒரு சத்தமும் இல்லை.

பின்பக்கத்து வயரை உருவி, மூன்று முள் வயரை எடுத்துத் திரும்பவும் முன்பக்கத்தில் குத்தினாள். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு குமிழைக் கடைசிவரை திருப்பினாள். இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து கடல்காற்று வந்தது, வேலியில் முதுகு உரசும் கழுதை வந்தது, எங்கோ ஒரு வீட்டில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் வந்தது. யாரும் பேசாத அறையில் பெட்டியின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி, சிவப்பைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தன.