அடிபடாத மூன்று கதவுகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது குரோம்பேட்டையில், மழைக்கு ஒதுங்கிய ஒரு பழைய கார் கடையில். என் வயதுப் பெண் ஒருத்தி, கைக்கு அடக்கமான ஒரு கருவியைக் காரின் கதவுகளில் வைத்து எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று அது சொல்லுமாம். கம்பெனி பெயின்ட் என்றால் நூறு, நூற்றிருபது காட்டும். இருநூற்றைத் தாண்டினால் மறுபடி அடித்தது. ஐந்நூறு என்றால் உள்ளே பள்ளத்தை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறது, அடிபட்ட கதவு.

ஒரு கதவில் மட்டும் அவள் கருவியை எடுத்துவிட்டு வெறும் கையை வைத்துப் பார்த்தாள். நான் கண்டது அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது. மீதி முழுக்க இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஜி.எஸ்.டி. சாலையில் காலை வெயில் மெல்லப் படர—

(வேண்டாம். அந்தச் சாலையில் எதுவும் மெல்லப் படர்ந்து நான் பார்த்ததில்லை.)

2

அவள் பெயர் தபஸ்ஸும். பி.காம். வீட்டில் முதல் பட்டம். பழைய கார்களைச் சோதித்து விலை சொல்லும் கம்பெனியில் வேலை. பி.காம். படித்த பெண் கார் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாளா என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டம். அவருக்கு விளக்க எனக்குப் பொறுமையில்லை.

அவளுடைய அத்தா ஜலால், பல்லாவரத்தில் டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இருபத்தெட்டு வருஷம். இப்போது இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பம்மலில் வேறு இடம் பார்த்தாயிற்று. அட்வான்ஸ் மூன்றரை லட்சம். அதற்காகத்தான் வீட்டில் இருக்கும் ஒரே காரை, சில்வர் நிற ஸ்விஃப்டை, விற்கிறார். கேட்கும் விலை மூன்று அறுபது. மூன்றரைக்குக் கீழே போனால் பம்மல் கிடையாது.

இரண்டு வருஷம் முன்பு தபஸ்ஸும் அந்தக் காரில்தான் ஓட்டக் கற்றாள். வெள்ளிக்கிழமை, சந்தை நாள். ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பின்கதவை, நின்றுகொண்டிருந்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் இரும்புத் தகட்டில் தேய்த்துவிட்டாள். உள்ளங்கையளவு நசுங்கல். வண்டிக்காரர் கதவைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இன்னாம்மா, இவ்ளோ பெரிய ரோட்ல என் வண்டிதான் கெடச்சுதா?"

வீட்டில் ஜலால் தானே இடித்ததாகச் சொன்னார். மகள் என்று தெரிந்தால் அவர் மனைவி பரிதா அவளை மறுபடி ஸ்டியரிங் தொட விடமாட்டாள் என்று. (அவளே பிறகு தொடவில்லை. அது வேறு.) அன்றிலிருந்து சொந்தக்காரர் கல்யாணங்களில் அவர்தான் வேடிக்கை: ஊர் வண்டியெல்லாம் நிமிர்த்துகிறவர், நிற்கிற மீன்பாடி வண்டியில் மோதியவர். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இவ்வளவு நல்ல அப்பாவைப் படிப்பவர்கள் நம்புவார்களா என்று எனக்கே சந்தேகம். ஒரு குறை வைக்கலாம் என்று தேடினேன். கிடைத்தது, அதுதான் கதை.

ஜலாலுக்கு நிறம் ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காது. சில்வர் பொல்லாத நிறம்; புதிதாக அடித்தது வெயிலில் தனியாகத் தெரியும். நசுங்கிய கதவை நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்தார். பக்கத்துக் கதவு மங்கலாகத் தெரிந்தது, அதற்கும் அடித்தார். பிறகு இடது பக்கம் புதுசு, வலது பக்கம் பழசு. ஒரு வாரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வலது பக்கக் கதவு இரண்டுக்கும் அடித்துவிட்டார்.

3

வாங்க வந்தவர் அஸ்தினாபுரம் செல்லியம்மாள். ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவர். சோதிக்க வந்தவன் தபஸ்ஸும் வேலை பார்க்கும் கம்பெனியின் ஷ்யாம்சுந்தர். அப்பா வண்டியை மகள் சோதிக்கக் கூடாது. அவள் லீவு போட்டுப் பட்டறையில் நின்றாள்.

கருவி நான்கு கதவிலும் இருநூற்றைம்பதுக்கு மேல் காட்டியது. ஒன்றில் அறுநூறு.

"ரெண்டு பக்கமும் அடி வாங்கிருக்கு. உருண்ட வண்டியா இருக்கும். ரெண்டு எழுபதுதான் போகும்" என்றான் ஷ்யாம்சுந்தர்.

ஒரு கதவுதான் அடிபட்டது, மற்றதெல்லாம் நிறத்துக்காக அடித்தது என்றார் ஜலால்.

"அடிபடாத கதவுக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா, பாய்?"

எப்படி இடித்தது என்று செல்லியம்மாள் கேட்டார். ஜலால் பழக்கத்தில் பழைய பொய்யையே சொன்னார். அந்தம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இருபத்தெட்டு வருஷமா வண்டிக்குள்ளயே கெடக்குற ஆளு, நின்னுகினு இருந்த மீன்பாடி வண்டில போய் இட்ச்சேன்றீங்க. நம்புற மாதிரியா கீது?"

இல்லைதான். மகளுக்காகச் சொன்ன பொய் இப்போது உண்மையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது.

"அத்தா இடிக்கல. நான்தான் இடிச்சேன்" என்றாள் தபஸ்ஸும்.

ஜலால் தரையைப் பார்த்தார். அவள் போய் இடது கதவைத் திறந்து, ஓரத்து ரப்பரை உரித்துக் காட்டினாள். உள்ளே தகடுகளைச் சேர்க்கும் வெல்டிங் புள்ளிகள், கம்பெனி வைத்தபடியே வரிசையாக இருந்தன. வலது பக்கமும் அப்படியே. உருண்ட வண்டியில் அது இருக்காது.

(இதை ஷ்யாம்சுந்தர் ஏன் முதலிலேயே பார்க்கவில்லை? கதையில் ஓட்டை என்பீர்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டி பார்க்கச் சொல்லிப் பதினொன்றுக்குத் திட்டினால் நீங்களும் ரப்பரை உரிக்கமாட்டீர்கள்.)

4

இங்கிருந்து இரண்டு முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன்.

செல்லியம்மாள் கேட்ட விலையையே எடுத்துத் தந்தார். (அஸ்தினாபுரத்தில் நல்லவர்கள் உண்டு. பேரம் பேசாதவர்கள் இல்லை.)

செல்லியம்மாள் வாங்காமலே ஆட்டோ ஏறி— (கோபமாக இருந்த நாளில் எழுதியது. ஜலால் முகத்தை அதற்கு மேல் எழுத முடியவில்லை.)

நடந்தது இது. செல்லியம்மாள் சிரித்துவிட்டு, தானும் இடிக்கத்தான் போவதாகவும் வண்டியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு தபஸ்ஸும் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. எவ்ளோ கொறைக்கலாம்?"

கம்பெனிக் கணக்கு அவளுக்கு மனப்பாடம். அடிபட்ட கதவுக்குப் பத்தாயிரம் கழிக்க வேண்டும். அடிபடாவிட்டாலும் மறுபடி பெயின்ட் அடித்த கதவுக்குத் தலா ஐயாயிரம். முதலாவதை மட்டும் கழித்தால் சரியாக மூன்றரை, பம்மல் உண்டு. மற்ற மூன்றையும் சேர்த்தால் மூன்று முப்பத்தைந்து.

ஜலால் துணியை எடுத்து வலது பக்கக் கதவைத் துடைக்கத் தொடங்கினார். அதில் தூசி இல்லை.

"எனக்காகப் பாக்காதம்மா. படிச்சதச் சொல்லு" என்றார், திரும்பாமலே.

தபஸ்ஸும் வாயைத் திறந்தாள்—

நான் இங்கே நிறுத்துகிறேன். நான் சொன்னால் பக்கச்சார்பு என்பீர்கள். உண்மைதான், எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. தொகையை நீங்களே எழுதுங்கள்:

ரூ. ____________

குறைத்து எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். எந்தக் கதவுக்காகக் குறைத்தீர்கள் என்பதை மட்டும், அவர் துடைத்து முடிப்பதற்குள், அவரிடமே சொல்லிவிடுங்கள்.