எலும்பில்லாத எக்ஸ்-ரே

அந்தப் பெட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்-ரே பிலிம்கள் இருந்தன. ஒன்றில்கூட எலும்பு இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி வந்து ஏற்றிப் போனால், அவற்றைக் கழுவி, மேல்பூச்சில் இருக்கும் துளி வெள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

திருவனந்தபுரத்தில் உள்ள அந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஆவணப் பிரிவுக்குப் பொறுப்பாளர் அழகியநம்பி. மனித மரபணுவைப் படிக்கும் வேலை உலகத்திலேயே புதிதாக இருந்த எண்பதுகளின் கடைசியில், இங்கும் ஒரு மாடி அறையில் அது நடந்தது. அதற்கு மிச்சமிருந்த சாட்சி அந்தப் பெட்டி ஒன்றுதான். நோட்டுப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. கரையானுக்கு பிலிம் பிடிக்கவில்லை. நிர்வாகத்துக்குப் பிடித்திருந்தது.

ஆவணங்களையெல்லாம் கணினியில் ஏற்றியபோது நேர்ந்த பிழை இது. ‘வகை’ என்ற கட்டத்தில் ‘எக்ஸ்-ரே பிலிம்’ என்று இருந்தது; யாரோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மீதியைக் கணினியே நிரப்பியது: நோயாளி ஆவணம், கடைசி வருகைக்குப் பின் ஐந்து ஆண்டு, அழிக்கலாம்.

உண்மையில் அவை என்ன என்பதை அழகியநம்பி யாரிடமும் சலிக்காமல் சொல்வார். மரபணு என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரி. அதைப் படியெடுக்கும் வேலையை நான்கு குழாய்களில் நடத்துவார்கள். முதல் குழாயில் அங்கங்கே ஓர் ‘ஏ’ வரும்போது வேலை நின்றுவிடும், அடுத்ததில் ‘சி’ வரும்போது, இப்படி. கிடைப்பவை வெவ்வேறு நீளத் துண்டுகள். அவற்றை வழவழப்பான ஒரு கூழ்த்தகட்டில் குழாய்க்கு ஒரு வரிசையாக விட்டு மின்சாரம் பாய்ச்சினால், குட்டையான துண்டு வேகமாகக் கீழே ஓடும், நீளமானது பின்தங்கும். துண்டுகளில் கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்திருப்பதால், மேலே ஒரு எக்ஸ்-ரே பிலிமை வைத்தால் கறுப்புக் கோடுகள் விழும். அடியிலிருந்து மேலே ஒவ்வொரு கோடாக, அது எந்த வரிசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் வரி கிடைத்துவிடும். ஒரு பிலிமுக்கு இருநூறு எழுத்து. ஒரு மனிதனுக்கு முந்நூறு கோடி.

நிர்வாக அதிகாரி ராஜபாய் முழுவதையும் கேட்டார்.

“எல்லாம் சரி நம்பி சார். இதுல ஆள் பேரு இருக்கா?”

“இல்ல மேடம். பிலிம் நம்பர்தான் உண்டு.”

“பேரில்லாத நோயாளியா? அப்போ ரெண்டு தரம் அழிக்கணும். போய் ஒரு நிபுணர் கருத்து வாங்கீட்டு வாங்க.”

எக்ஸ்-ரே என்றால் நிபுணர் கதிர்ப்படப் பிரிவில்தான் இருப்பார். டாக்டர் ஷிஜு பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டித் தலையைச் சாய்த்தார்.

“சாரே, எனக்கு இது பார்கோடு மாதிரி இருக்கு. பட்சே ரிப்போர்ட்டுல அப்படி எழுத ஒரு ஆப்ஷன் இல்லா.”

இருந்த கட்டங்களை அவர் நேர்மையாக நிரப்பினார்: ‘எலும்பு முறிவு காணப்படவில்லை. எலும்பு காணப்படவில்லை. நோயாளியை நேரில் பரிசோதித்து முடிவு செய்யவும்.’

வியாழக்கிழமை காலை அழகியநம்பி ஸ்ரீவராகத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய், அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீதாலக்ஷ்மியை அழைத்து வந்தார். எழுபத்து நான்கு வயது. ஆவண அறை ஜன்னலில் பிலிமைப் பிடித்ததும் அவர் கட்டைவிரல் தானாக அடிக்கோட்டுக்குப் போனது.

“ஏ, டி, டி, ஜி… இங்க ரெண்டு கோடு ஒட்டிண்டிருக்கு பாருங்கோ. இதுக்காக மூணு நாள் சண்டை போட்டோம். பத்து வருஷம் என் கண்ணு இதுலதான் போச்சு. கட்டுரையில என் பேரைக்கூடப் போடலை. இதையும் கழுவிடப் போறாளா?”

“யாரோட ரத்தம்னு தெரிஞ்சா ஏதாவது செய்யலாம் மாமி.”

“என்னோடதுதான். அன்னிக்கு ரத்தம் வேணும்னு சொன்னதும் அஞ்சு பேர் லீவு போட்டுட்டா. கை நீட்டினது நான் மட்டுந்தான்.”

அழகியநம்பி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ‘சிகிச்சையில் உள்ள நோயாளியின் ஆவணங்களை எக்காரணம் கொண்டும் அழிக்கலாகாது.’

“மாமி, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது…?”

“ஒண்ணும் இல்லையே! நன்னாத்தானே இருக்கேன்!”

“அதான் பிரச்சினை.”

எல்லாப் பிலிம்களுக்கும் நோயாளியாக அவர் பெயரை அழகியநம்பி கணினியில் ஏற்றினார். அரைமணி நேரத்தில் சீதாலக்ஷ்மி வெளிநோயாளி வரிசையில் நின்றார். உள்ளே இருந்த இளம் டாக்டர் நிமிராமல் கேட்டார்: “எந்தா அம்மா ப்ராப்ளம்?”

சீதாலக்ஷ்மி டாக்டர் ஷிஜுவின் அறிக்கையை நீட்டினார். “எலும்பு இல்லையாம்.”

டாக்டர் அறிக்கையைப் படித்தார். அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார். நிலையத்தின் சொந்த நிபுணர் கையெழுத்திட்டது. கால்சியம் மாத்திரை எழுதி, ‘தொடர் கண்காணிப்பு’ என்ற கட்டத்தைத் தொட்டார். மாடியில் ராஜபாயின் திரையில் ‘அழிக்கலாம்’ என்று சிவப்பாக இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளும் பச்சையாயின.

“பேரு கிடைச்சிட்டுல்லா? பின்னே எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல” என்றார் ராஜபாய். வெள்ளிக்கிழமை வண்டி பழைய இடுப்பெலும்பு பிலிம்களோடு மட்டும் போயிற்று.

முந்தின நாள், வியாழக்கிழமை மாலை, இருவரும் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். சீதாலக்ஷ்மி மருந்துப் பையை ஆட்டிக் காட்டினார்.

“இனி நான் அடிக்கடி வரணுமோ?”

“வருஷம் ஒரு தரம் வந்தாப் போதும் மாமி.”

“நான் போயிட்டா?”

“கடைசியா வந்த நாள்லேருந்து அஞ்சு வருஷம்.”

“அதுக்குள்ள அந்தக் கணினியில ஒரு கட்டம் கூட்டிச் சேக்க முடியாதோ? ‘இது எக்ஸ்-ரே இல்லை’ன்னு?”

அதற்கு ஒப்புதல் தர வேண்டிய கமிட்டிகளை அழகியநம்பி எண்ணிப் பார்த்தார். மருந்துப் பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து, தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினார். சீதாலக்ஷ்மி விழுங்கும்வரை அங்கேயே நின்றார்.