முழங்கால் தழும்புகள்

குகதாசனின் முழங்கால்களில் ஒன்பது தழும்புகள். முழங்கைகளில் நாலு. எல்லாம் வலிப்பு வந்து விழுந்த காயங்கள். எது எப்போது பட்டதென்று தாய் அன்னபாக்கியத்துக்குத் தெரியும்.

பொலிஸ் சார்ஜன்டின் பாடம் வேறு. முழங்காலிலும் முழங்கையிலும் தழும்பு இருந்தால் ஆயுத இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன்.

காலை ஏழு மணி. வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கை முழுக்கச் சுற்றிவளைப்பு. வாசலில் நின்ற சார்ஜன்டின் கையில், வீட்டில் தங்குகிற எல்லோரையும் எழுத வேண்டிய பொலிஸ் பதிவுப் படிவம். அதில் மூன்று பெயர்கள்: பொன்னம்பலம், மனைவி, மகள் சிவரூபி. வீட்டில் நாலு பேர். நாலாவது ஆளுக்குப் பத்தொன்பது வயது. பெயரைக் கேட்டால் சிரிக்கிறான்.

படிவத்தை நிரப்பியவர் பொன்னம்பலம். மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இப்படியொரு பிள்ளை இருப்பதை எழுத்தில் வைப்பதா என்றார். மாப்பிள்ளையின் பெரியம்மா மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தார். அன்னபாக்கியம் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"கவுத மே?" என்றான் சார்ஜன்ட். யார் இவன்?

சத்தம் கேட்டுப் பெரியம்மா படியில் வந்து நின்றார். பொன்னம்பலம் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் வழக்கமாகச் சொல்வதையே சிங்களத்தில் சொன்னார்.

"யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெடியன்."

சார்ஜன்ட் முழங்கால் தழும்புகளைப் பார்த்தான். குகதாசனின் கொலரைப் பிடித்தான்.

"உங்களுக்கென்ன விசரே?" அன்னபாக்கியம் கணவனைத் தள்ளிக்கொண்டு நடுவில் புகுந்தாள். தெரிந்த சிங்களத்தில் கத்தினாள். "நான் பெற்ற பிள்ளை. பிறந்தபோது கழுத்து நிற்கவில்லை. பால் உறிஞ்சத் தெரியவில்லை. ஐந்து வயதில்தான் நடந்தான். இன்னும் ஒரு சொல் பேசவில்லை. செருப்புப் போடத் தெரியாதவன் துவக்குத் தூக்குவானா?"

சென்னையில் இரத்தம் சோதித்து வந்த கடிதத்தைச் சார்ஜன்டின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். பதினைந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இரட்டித்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. சார்ஜன்ட் புரட்டிப் பார்த்தான்.

"கடிதம் எவனும் அடிக்கலாம்."

கொலர் இறுகியது. குகதாசன் தன் மணிக்கட்டையே கடித்தான். இரத்தம் வந்தது. சிரித்தான்.

சார்ஜன்டின் பிடி தளர்ந்தது. "வலிக்காதா?"

"பெரிதாக வலிக்காது. அதுவும் அந்தக் கடிதத்தில் இருக்கிற வருத்தம்தான்," என்றாள் அன்னபாக்கியம்.

சார்ஜன்ட் பொன்னம்பலத்தின் பக்கம் திரும்பினான். "படிவத்தில் கையெழுத்து உன்னுடையது. நீ சொல். யாருடைய பிள்ளை?"

பொன்னம்பலத்தின் கண் படிக்கட்டுக்குப் போனது.

"அங்க என்ன பார்வை?" என்றாள் அன்னபாக்கியம். "பிள்ளையைப் பாருங்கோ."

"மகே புதா," என்றார். என் மகன். குரல் படிக்கட்டுவரைகூடப் போகவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கோ!"

சொன்னார். பெரியம்மா மேலேறிப் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

சார்ஜன்ட் கையை எடுத்தான். பெயரை இப்போதே எழுதச் சொல்லிப் படிவத்தையும் பேனையையும் நீட்டினான். பொன்னம்பலம் கை நீட்டினார். அன்னபாக்கியம் அந்தக் கையைத் தட்டிவிட்டுப் பேனையைத் தானே வாங்கினாள்.

"நீங்கள் எழுதினது காணும்."